உள்ளூரார் யார்?

கோடை பிறந்து கண்மாய் வற்றிவிட்டால், மல்லாங்கிணற்றுப் பகுதிச் சிறுவர்களுக்கு அதுவே ஆடுகளமாகிவிடும். கருவேல முள்ளை வெட்டி ஒதுக்கிவிட்டு, நான்கு கம்புகளை நட்டுப் பந்தாடத் தொடங்கிவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பங்கு இளையோர் அங்கே எழுவர் கால்பந்துப் போட்டி ஒன்றை நடத்தினார்கள். கோப்பையை வென்ற அணியில் ஐந்து பேர் வெளியூரிலிருந்து பணம் கொடுத்து அழைத்து வரப்பட்டவர்கள். ஆண்டு முழுவதும் அந்த அணிக்காக ஓடிப் பழகிய பிள்ளைகளோ கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டினார்கள். அவர்களுடைய முகங்கள் என்னை வருத்தின. எனவே மறு ஆண்டு நோட்டீசில், "உள்ளூர் வீரர்கள் மட்டும்" என்றொரு விதியைச் சேர்த்தோம். அதில் கையொப்பமிட்டவன் நான்.

போட்டிக்கு முந்திய மாலை பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன் என்னைத் தேடி வந்தான். அவனுடைய தந்தை ஒடிசாவிலிருந்து பிழைப்புக்காக வந்து, அருகிலுள்ள ஓர் ஆலையில் வேலை பார்ப்பவர். ஐந்து வயதில் இங்கு வந்த அவன், நம் பிள்ளைகளோடு படித்து, நம் பேச்சையே பேசி வளர்ந்தவன். அவனுடைய பெயரை ஓர் அணியினர் எழுதிக் கொடுக்க, மற்றோர் அணியினர் விதியைக் காட்டி மறுத்திருந்தார்கள்.

"சாமி, எங்க ஊர்ல எனக்கு யாரையும் தெரியாது. இங்க எல்லாரையும் தெரியும். அப்ப நான் எந்த ஊரு?" என்று கேட்டான்.

இறையியல் பயின்ற எனக்கு அந்த வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. "விதி எல்லாருக்கும் ஒன்றுதான் தம்பி. இந்த ஆண்டு பொறுத்துக்கொள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுநாள் அவன் கோட்டுக்கு வெளியே போகும் பந்துகளை எடுத்து எடுத்துக் கொடுத்துக் கொண்டிருந்தான். அன்று நான் செய்தது நீதியா, அநீதியா? இக்கட்டுரை அந்த வினாவிலிருந்து பிறந்தது.

எண்ணிக்கையின் கதை

எங்கள் கண்மாயில் எழுந்த இச்சிக்கல் உலகக் கால்பந்து முழுவதையும் வாட்டிவரும் ஒன்று என்பதைப் பின்னரே அறிந்தேன். ஒரு கழகம் எத்தனை வெளிநாட்டு வீரர்களைக் களமிறக்கலாம்? ஐரோப்பியக் கழகப் போட்டிகளில் 1990களின் தொடக்கத்தில் மூன்று வெளிநாட்டவரும், அந்நாட்டிலேயே நெடுங்காலம் ஆடிப் பழகிய இருவரும் ஆடலாம் என்ற வரையறை இருந்தது. பெல்ஜிய வீரர் ஜான் மார்க் போஸ்மான் தொடுத்த வழக்கில், 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் குடிமக்களுக்கு இத்தகைய வரம்பு பொருந்தாது என்பது அதன் ஒரு பகுதி. ஆட்டக்காரனும் ஒரு தொழிலாளி. ஒப்பந்தம் முடிந்த பின்னும் அவனைக் கட்டிவைத்துக்கொண்டு, விலை பேசி விற்க முடியாது என்பது மற்றொரு பகுதி. தொழிலாளரின் மாண்பைப் போற்றும் எவரும் அத்தீர்ப்பை வரவேற்கவே செய்வர்.

ஆயினும் விளைவுகள் இருமுனைப்பட்டன. நான்கே ஆண்டுகளில், 1999 டிசம்பர் 26 அன்று, இலண்டன் நகரின் செல்சி கழகம் பிரித்தானியர் ஒருவர் கூட இல்லாத பதினொருவரோடு ஆட்டத்தைத் தொடங்கியது.

நம் நாட்டில் இக்கதை வேறு விதமாகத் தொடங்கியது. கல்கத்தாவில் வெள்ளையர் நடத்திய லீக் போட்டியில் இந்தியக் கழகங்களுக்கே இடமில்லாத காலம் ஒன்றிருந்தது. பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடிய மோகன் பகான் அணி, 1911 ஜூலை 29 அன்று ஆங்கிலப் படைப்பிரிவின் அணியை வென்று ஷீல்டு கோப்பையைக் கைப்பற்றிய பின்னரும் கதவு உடனே திறக்கவில்லை. பின்னர் திறந்தபோதும், முதற்பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் கூடாது என்று வரம்பு கட்டினார்கள். அத்தடை விலகி 1925இல் ஈஸ்ட் பெங்கால் கழகம் உள்ளே வந்தது. சொந்த மண்ணிலேயே நாம் எண்ணி அனுமதிக்கப்பட்டவர்களாய் இருந்தோம்!

நூறாண்டுகளுக்குப் பின் அதே நாட்டில் வரம்பு எதிர்த்திசையில் திரும்பியது. 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கில், களத்தில் நிற்கும் பதினொருவரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவராக இருக்கலாம் என்றிருந்தது. 2017-18 பருவத்தில் அது ஐந்தாகவும், 2021-22 பருவத்தில் நான்காகவும் குறைந்தது. கல்கத்தாவில் வெள்ளையர் போட்டதும் எண்ணிக்கை வரம்பு. இதுவும் எண்ணிக்கை வரம்பு. முன்னதை நாம் அநீதி என்கிறோம். பின்னதை நியாயம் என்கிறோம். வேறுபாடு எங்கே இருக்கிறது?

இரு தரப்பு நியாயங்கள்

வரம்பு வேண்டும் என்போரின் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. கோல் போடும் முன்வரிசை இடங்களைக் கழகங்கள் பெரும்பாலும் வெளிநாட்டவருக்கே கொடுத்தன. ஆடாதவனுக்கு ஆட்டம் எங்ஙனம் கைவரும்? 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தாவில் நாட்டு அணியிலிருந்து விடைபெற்ற சுனில் சேத்ரியை, 2025 மார்ச்சில், நாற்பது வயதில், மீண்டும் அழைக்க வேண்டியதாயிற்று. ஒரு தலைமுறைக்கு இடம் கொடுக்காத வீடு, முதியவரையே மீண்டும் ஏருக்கு அழைக்கும்.

மறுதரப்புக்கும் நியாயம் உண்டு. கோயம்புத்தூரைக் களமாகக் கொண்ட சென்னை சிட்டி கழகம் 2018-19 பருவத்தில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி அப்பருவத்தில் 21 கோல்கள் அடித்தார். அவருக்கும் அவருடைய நாட்டவருக்கும் அருகில் நின்று ஆடிய எட்வின் வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ் போன்ற தமிழ் இளைஞர்கள் பின்னர் சூப்பர் லீக் கழகங்களுக்குச் சென்றனர். வந்தவன் நம் பிள்ளையின் இடத்தைப் பறிப்பவனாகத்தான் இருப்பான் என்பதில்லை, கற்றுக்கொடுப்பவனாகவும் இருக்கலாம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. வெளிநாட்டு வீரர் என்றால் பெருஞ்செல்வர் என்று எண்ணிவிடுகிறோம். கேரளத்தின் மலப்புறம் பகுதியில் நடைபெறும் எழுவர் போட்டிகளுக்கு ஆப்பிரிக்க இளைஞர்கள் பலர் குடும்பத்தைக் காப்பாற்ற வருகிறார்கள். 2024 மார்ச்சில் அரீக்கோடு அருகே ஐவரி கோஸ்ட் நாட்டு வீரர் ஒருவர், பார்வையாளர் கூட்டம் தம்மை நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தித் தாக்கியதாகக் காவல்துறையில் புகார் அளித்தார். "இத்தனை பேர் போதும்" என்னும் சொல், மனத்தில் வைத்துக் காக்கப்படாவிட்டால், "நீ வேண்டாம்" என்னும் சொல்லாகச் சீரழிந்துவிடும்.

வயலோரத்துக் கதிர்கள்

இவ்விரு நியாயங்களையும் எந்தத் தராசில் நிறுப்பது? அன்புக்கும் ஓர் ஒழுங்கு உண்டு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். நமக்கு நெருக்கமானவர்களிடம் நமக்குள்ள கடமை தனிப்பட்டது. தன் பிள்ளையைப் பட்டினி போட்டுவிட்டு ஊருக்கு விருந்து வைப்பவனை யாரும் வள்ளல் என்று போற்றுவதில்லை. ஆகவே ஒரு கழகம் தன் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குவது குறுகிய மனம் ஆகாது.

ஆனால் விவிலியம் இன்னும் ஓர் அடி முன்னே அழைத்துச் செல்கிறது. அறுவடையின்போது வயலோரத்தை முற்றிலும் அறுத்துவிடாமல் விட்டுவைக்க வேண்டும் என்பது பழைய சட்டம். யாருக்காக? அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் ஆக. இம்மூவரும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். அநாதையும் கைம்பெண்ணும் உள்ளூரார், அந்நியர் வெளியூரார். சட்டம் ஊரைக் கேட்கவில்லை. எளியவர் யார் என்றே கேட்கிறது. மோவாபு நாட்டுப் பெண்ணான ரூத்து கதிர் பொறுக்கியது அந்த உரிமையில்தான்.

இங்கே நமக்கொரு தராசு கிடைக்கிறது. வலியவரிடமிருந்து எளியவரைக் காக்கும் வரம்பு நீதியானது. எளியவரை வெளியே நிறுத்த வலியவர் போடும் வரம்பு அநீதியானது. பணபலத்தால் ஆயத்த வீரர்களை வாங்கிக் குவிக்கும் கழகத்தை நோக்கி, "பிள்ளைகளுக்கும் இடம் விடு" என்று சொல்வது வயலோரத்தை விட்டுவைக்கும் சட்டத்தின் வழிவந்தது. கல்கத்தாவில் ஆள்வோர் ஆளப்படுவோர்மீது போட்ட வரம்போ வயல் முழுவதையும் வேலியிட்டுக்கொள்வது.

அப்படியானால் உள்ளூரார் என்பவர் யார்? ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் 2006-07 பருவம் முதல் ஒரு விதியைப் படிப்படியாகக் கொண்டுவந்தது. 15 முதல் 21 வயதுக்குள் மூன்றாண்டுகள் அக்கழகத்திலோ அந்நாட்டிலோ பயிற்சி பெற்றவர், எந்நாட்டுக் குடிமகனாயினும், அங்கு வளர்ந்தவராகவே கொள்ளப்படுவார். 25 பேர் கொண்ட பட்டியலில் எட்டு இடங்கள் அத்தகையோருக்கு. இவ்விதியும் வினாவுக்கு அப்பாற்பட்டதன்று. தகுந்த காரணம் காட்டப்படாவிடில் இத்தகைய விதிகள் சட்டத்துக்கு முரணாகலாம் என்று 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. எனினும் பிறப்பைக் கேட்பதை விட்டு வளர்ப்பைக் கேட்டதே அதன் சிறப்பு. பிறப்பு ஒருவருடைய தகுதியும் அன்று, குற்றமும் அன்று. வளர்ப்பதோ நாம் ஏற்கும் பொறுப்பு.

ஸ்பெயினின் பில்பாவோ நகரிலுள்ள அத்லெடிக் கழகம் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பாஸ்க் பகுதியாரைக் கொண்டே ஆடிவருகிறது. இதைவிடக் கடுமையான வரம்பு வேறெங்கே? ஆயினும் அங்கே பிறந்தவர்களோடு அங்கே ஆட்டம் பயின்று வளர்ந்தவர்களையும் அது தன்னவராக ஏற்கிறது. கானா நாட்டிலிருந்து சகாராப் பாலைவனத்தைக் கடந்து வந்த ஏழைப் பெற்றோரின் மக்களான இனாக்கி, நிகோ வில்லியம்ஸ் சகோதரர்கள் அவ்வணிக்கு ஆடினார்கள். 2024இல் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அக்கழகம் ஸ்பெயின் மன்னர் கோப்பையை வென்றபோது இருவரும் களத்தில் இருந்தனர்.

இதையெல்லாம் எண்ணிப் பார்த்தபோது என் பிழை எனக்குத் தெளிவாயிற்று. நாங்கள் தடுக்க விரும்பியது பணத்தின் வலிமையை. எங்கள் விதி தடுத்ததோ ஒரு கூலித் தொழிலாளியின் மகனை. கோடு போட்டது தவறன்று. எந்த இடத்தில் போடுகிறோம் என்று பார்க்காமல் போட்டதே தவறு. விதிக்கு அப்பாலும் கதிர்களை வேண்டுமென்றே உருவி விடுமாறு தம் ஆட்களுக்குச் சொன்ன போவாசு ஒரு நொடியில் செய்ததை, ஒரு பங்குத்தந்தையாகிய நான் செய்யத் தவறினேன்.

அடுத்த ஆண்டு விதியை மாற்றினோம். பணம் கொடுத்து அழைக்கப்படும் வீரர் அணிக்கு ஒருவரே. பதினாறு வயதுக்குட்பட்ட இருவர் கட்டாயம் ஆட வேண்டும். ஓராண்டு இங்கே வாழ்ந்து, இங்கே பழகியவர் எவராயினும் உள்ளூரார். இளையோர் மகிழ்வோடு ஏற்றுக்கொண்டார்கள். நோட்டீசை எடுத்துக்கொண்டு அச்சிறுவனின் வீட்டிற்கு நானே சென்றேன். வீடு பூட்டியிருந்தது. தந்தைக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து, இரு மாதங்களுக்கு முன்பே குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

அவன் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ அறியேன். அந்த ஊரிலும் ஓர் ஆடுகளம் இருக்கும். அதைச் சுற்றி ஒரு கயிறும் இருக்கும். அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள் நம்மைப் போன்றவர்களே. நம் பிள்ளைகளும் பிழைப்புக்காக வேற்றூர்களிலும் வெளிநாடுகளிலும் வாழும் காலம் இது. நம் பள்ளியில், நம் சங்கத்தில், நம் பங்கில் நாம் கட்டும் ஒவ்வொரு கயிற்றின் முன்னும் ஒரு கணம் நின்று கேட்டுப் பார்ப்போம்: இது யாரைக் காக்கிறது? யாரை வெளியே நிறுத்துகிறது?