கட்டாத பிரீமியம்

மின்சார ஸ்கூட்டர் வாங்கியபோது இன்ஷூரன்ஸும் சேர்த்தே எடுத்தேன். “திருட்டு, விபத்து, வெள்ளம், எல்லாமே கவர் ஆகும் சார்” என்றார் ஷோரூம்காரர். நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வண்டியின் பேட்டரியில் கோபால்ட் இருக்கிறது. உலகத்துக் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் தெற்கிலிருந்து வருகிறது. அங்கே கொல்வேசி நகரத்தை ஒட்டிய திறந்தவெளிச் சுரங்கம் ஒன்றில், 2019 ஜூன் 27 அன்று மண்சரிவு. 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். யாரும் நிறுவனத்தின் ஊழியர்கள் இல்லை. பிழைப்புக்காக உள்ளே புகுந்து கையால் தோண்டியவர்கள். சட்டத்தின் கண்ணில் அத்துமீறியவர்கள்.

இயந்திரம் கெட்டால், உற்பத்தி நின்றால், ஏன், அரசாங்கமே சுரங்கத்தைப் பறித்துக்கொண்டால்கூட ஈடுகட்ட பெரிய நிறுவனங்களுக்கு பாலிசி கிடைக்கும். காப்பீடு ஆபத்தை இல்லாமல் ஆக்குவதில்லை. பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவர் அதைச் சுமக்கிறார், அவ்வளவுதான். பணமே வாங்காமல் சுமக்கிறவரை என்னவென்று சொல்வது?

“அப்போ சுரங்கமே வேணாங்கிறியா?” என்றான் நண்பன். இல்லை. நிலக்கரிப் புகையும் ஆளைக் கொல்கிறது, பேட்டரி வேண்டும்தான். தோண்டுகிறவர்களை விரட்டியடித்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அவர்களுக்குச் சட்டப்படி தோண்ட ஓர் இடம், சரியாத சுவர், செத்தால் குடும்பத்துக்கு இழப்பீடு எல்லாம் கோபால்ட்டின் விலைக்குள் வரவேண்டும். வந்தால் என் ஸ்கூட்டரின் விலையும் கூடும். அதை நான் தருமக் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. இத்தனை நாளும் கட்டாமல் விட்ட பிரீமியம் அது.