அட்டமூர்த்தி வழிபாடும் அளவறிந்த நுகர்ச்சியும்

சிவமயம்

சைவபாடசாலை உபாத்தியாயர்களே,

முழுமுதற் கடவுளாகிய சிவபெருமான் நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், சூரியன், சந்திரன், ஆன்மா என்னும் எட்டினையும் தமக்குத் திருமேனியாகக் கொண்டு நிற்றலினாலே அட்டமூர்த்தி எனப்படுவர். இதனை நாம் சமயபாட வேளையிலே மாணாக்கருக்குப் போதிக்கின்றோம். அவர்களும் மனனம் பண்ணிப் பரீட்சையில் எழுதுகின்றார்கள். எழுதிய பிள்ளை பாடசாலை வாயிலைக் கடந்தவுடன் தான் தின்ற இனிப்பின் உறையை வாய்க்காலில் எறியுமாயின், அப்பிள்ளை கற்றது யாது? நாம் கற்பித்தது யாது? நீர் இறைவனது திருமேனி என்று நாவினாற் சொல்லி, அந்நீரிலே கையினாற் குப்பையை இடுவது, பூசித்த திருவுருவத்தின்மீதே சேற்றை வாரி எறிவதற்கு ஒப்பாகும் அன்றோ? இதனையே ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருக்கோணமலையிலே கடலினின்று செங்குத்தாக எழுந்து நிற்கும் சுவாமி மலை, திருஞானசம்பந்த சுவாமிகளாற் பாடப்பெற்ற தலம். அங்கிருந்த பெருங்கோயில் 1622ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயராற் றகர்க்கப்பட்டது. கோயிற் கற்களைக் கொண்டு அவர்கள் கோட்டை எடுத்தார்கள். அக்கோட்டையே பின்னர்ப் பிரெட்றிக் கோட்டை எனப் பெயர் பெற்றது. மலையடியிற் கடலினுள் வீழ்ந்து கிடந்த தூண்களையும் சிற்பக் கற்களையும் 1956ஆம் ஆண்டிலே ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் நீருள் மூழ்கிக் கண்டு உலகத்துக்கு அறிவித்தார்கள். இவ்வரலாற்றைச் சொல்லும்போது நமக்கு நெஞ்சு பதைக்கின்றது; பதைத்தலும் நியாயமே. ஆயினும், அன்று அந்நியர் கோயிற் கல்லை வீழ்த்திய அக்கடலிலே இன்று பொலித்தீனை வீழ்த்துவோர் யாவர்? அந்நியர் மாத்திரமா? அருச்சனைப் பொருளை வாங்கிக் கொண்டு மலையேறும் நாமும் அவருள் அடங்குவேம் அல்லேமோ?

கோணேசர் சந்நிதிக்குச் செல்லும் வழி அக்கோட்டை வாயிலினூடாகவே செல்கின்றது. அங்கே புள்ளிமான்கள் மனிதருக்கு அஞ்சாது திரிகின்றன. எம்பெருமான் திருக்கரத்திலே மான் ஏந்தியவர். ஆகையால் அச்சந்நிதியின் வழியிலே மான்களைக் காணுந்தோறும் அடியார்க்கு உள்ளம் கசிகின்றது. கசிந்து, பழமும் பணிகாரமும் ஈகின்றார்கள். ஈந்தபின் பையையும் அங்கேயே விட்டுச் செல்கின்றார்கள். உப்பும் இனிப்பும் படிந்த அப்பையை மான் உணவென்று கருதி விழுங்குகின்றது. இவ்வாறு விழுங்கிய பொலித்தீனால் அங்கே மான்கள் இறந்ததுண்டு.

அஃது எவ்வாறு இறக்கின்றது என்பதை மாணாக்கருக்கு விளங்கச் சொல்லுதல் வேண்டும். மான் அசைபோடும் விலங்கு. அதன் இரைப்பை நான்கு அறைகளையுடையது. மேய்ந்த புல் முதலறையிலே ஊறி, மீண்டும் வாய்க்கு வந்து மெல்லப்பட்டு, நுண்ணுயிர்களாற் பக்குவமாகி, அடுத்த அறைகளுக்குச் செல்லும். பொலித்தீன் ஊறுவதுமில்லை, பக்குவமாவதுமில்லை. ஒன்றோடொன்று முறுகிப் பந்தாகி முதலறையிலேயே தங்கிவிடும். வயிறு நிரம்பினது போலத் தோன்றுதலால் மான் மேய்ச்சலைக் குறைக்கும். உண்ட சிறிதும் உள்ளே செல்லாது. புல் நிறைந்த வெளியிலே நின்றுகொண்டே அது பட்டினியால் மெலிந்து மாளும். நம்முடைய கிழக்கு மாகாணத்திலேயே அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டிலே பிளாஸ்ரிக்கைத் தின்று எட்டாண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்று 2022ஆம் ஆண்டிலே செய்தி வெளிவந்தது. விநாயகப் பெருமானுக்கு யானைமுகம் உண்டென்று முதற்பாடத்திலே கற்பிக்கும் நாம் இதனைக் கேட்டும் வாளாவிருத்தல் தகுமா?

மானுக்குப் பழம் ஈந்தவர் கொலைஞர் அல்லர், சீவகாருணியம் உடையவரே. அவருடைய அன்பு குற்றமன்று. அவ்வன்பு பழத்தோடு நின்று, பையின் கதியை எண்ணாதொழிந்ததே குற்றம். காருணியமானது அறிவோடு கூடியபோதே புண்ணியமாகும். ஈவது போலவே, ஈந்ததன் எச்சம் எங்கே செல்லும் என்று எண்ணுதலும் தருமத்தின் அங்கமாம்.

இனிப் பொலித்தீன் என்பது யாது எனின், 1933ஆம் ஆண்டிலே இங்கிலாந்து தேசத்து இரசாயன ஆய்வுகூடமொன்றிலே தற்செயலாகக் கண்டறியப்பட்ட ஒரு பொருள். மண்ணெண்ணெய்க்கு மூலமாகிய கனிய எண்ணெயினின்றும், இயற்கை வாயுவினின்றும் இஃது ஆக்கப்படுகின்றது. இலேசானது, மலிவானது, நீர் புகாதது. மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் இது செய்யும் உதவி பெரிது. ஆகையால் இதனைப் பேயென்று தூற்றுதல் எமது கருத்தன்று. ஆனால் இதற்கு ஒரு குணம் உண்டு. வாழையிலை வீழ்ந்தால் மண்ணாகும். பனையோலைப் பெட்டி பழுதானால் எருவாகும். மட்பாண்டம் உடைந்தால் மண்ணோடு சேரும். பொலித்தீனோ பல தலைமுறை சென்றாலும் தன் காரணத்திலே ஒடுங்காமற் சிறு சிறு துணுக்குகளாக உடைந்துகொண்டே கிடக்கும்.

இறைவனது ஐந்தொழில்களுள் அழித்தல் என்பது கோபச்செயலன்று, பிறந்திறந்து இளைத்த ஆன்மாக்களை இளைப்பாற்றுதற் பொருட்டுச் செய்யும் அருட்செயல் என்பது சைவசித்தாந்தத் துணிபு. தோன்றியன யாவும் ஒடுங்குதல் உலகுக்கு ஒரு பெருங் கொடை. ஒடுங்குதலாலேதான் வயலுக்கு எரு உண்டாகின்றது. அடுத்த விதைக்கு இடம் உண்டாகின்றது. அரைநாழிகைத் தேவைக்காக, எளிதில் ஒடுங்காத பொருளை நாள்தோறும் எடுத்து எறிவோமாயின், அவ்வருட்செயலின் ஒழுங்குக்கு மாறாக நடக்கின்றோம் என்பதை உணர்தல் வேண்டும்.

நிலத்திலே எறிந்தது நிலத்தோடு நிற்பதில்லை. மாரிகாலத்து வெள்ளம் அதனை வாய்க்காலுக்கும், வாய்க்கால் கடலுக்கும் கொண்டு செல்லும். இந்நாட்டின் மிக நீண்ட நதியாகிய மகாவலி கொட்டியாரக் குடாவிலே கடலோடு கலக்கின்றது. மலைநாட்டிலே எறிந்ததும் ஈண்டு வந்து சேர்தல் கூடும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003ஆம் ஆண்டிலே கடல்சார் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்த முருகைக்கற்பார்கள் மீனினங்களுக்குத் தொட்டிலும் வீடுமாய் உள்ளன. ஆசிய பசிபிக் பிரதேசத்தில் 159 முருகைக்கற்பார்களை ஆராய்ந்த அறிஞர்கள், பிளாஸ்ரிக் படாத முருகைக்கு நோய் உண்டாகும் வாய்ப்பு நூற்றுக்கு 4 எனவும், பட்டதற்கு 89 எனவும் 2018ஆம் ஆண்டிலே வெளியிட்டனர். முருகை அழியின் மீன் குறையும். மீன் குறையின் கரையோரத்துக் குடிகளின் அடுப்பு அவியும். புலால் மறுத்தலைப் போதிக்கும் நமக்கு இதனால் யாதென்று ஒருவர் வினவலாம். நம் பாடசாலைகளிற் கற்கும் பிள்ளைகளுள் வலைஞர் பிள்ளைகளும் உளர். அவர் பசித்திருக்கச் சமயபாடம் நடத்துதல் எங்ஙனம்?

அங்ஙனமாயின், உலகபோகங்கள் அனைத்தையும் துறத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. ஆன்மாவானது மலம் நீங்கி ஈடேறும் பொருட்டு இறைவன் மாயையினின்றும் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் உபகரித்தருளினார். போகமும் அவர் தந்ததே; நுகர்தல் பாவமன்று. ஆனால் அவை நமக்கு இரவலாகத் தரப்பட்டவை. இரவல் வாங்கியவன் பொருளைப் பேணி உபயோகித்துத் திருப்பிக் கொடுத்தல் முறை. “எனது” என்று செருக்கி, வேண்டியதற்கு மேல் எடுத்து, எச்சத்தைப் பிறர்மேற் சுமத்துவானாயின், அதுவே ஆகாமியமாய் ஏறும்.

அளவறிதல் என்பது நம் உழவர் அறியாத புதுமையன்று. கோணேசர் கல்வெட்டானது, குளக்கோட்டு மன்னர் கோயிற்றிருப்பணியோடு கந்தளாய்க் குளத்தையும் இயற்றினார் என்று கூறும். சரித்திரகாரர் அக்குளத்தை ஏழாம் நூற்றாண்டிலே ஆண்ட இரண்டாம் அக்கபோதிக்கு உரியதென்பர். கட்டினார் யாவராயினும், கோயிலையும் குளத்தையும் ஒருங்கு வைத்து எண்ணிய நம் முன்னோர் கருத்துப் போற்றத்தக்கது. தலைமடைக்காரன் தன் வயலில் வேண்டிய அளவு நீரைக் கட்டி, எஞ்சியதை விடுவானாயின் கடைமடையும் விளையும். நீர் தன் வாசலிற் செல்கின்றது என்பதற்காக அவன் மேலும் மேலும் கட்டினால், அவன் பயிர் அழுகும். கடைமடைக்காரன் பயிர் கருகும். காலம் என்னும் வாய்க்காலிலே நாம் தலைமடையில் இருக்கின்றோம். நம் வகுப்பறையில் இருக்கும் குழந்தைகளும், அவர் வயிற்றிற் பிறக்கப்போகும் குழந்தைகளும் கடைமடையில் இருக்கின்றார்கள். அவர்கள் கூவி வழக்குரைக்க இன்னும் பிறக்கவில்லை. ஆகையால் அவர்கள் பொருட்டு மடையைத் திறத்தல் நம் கடன்.

ஈண்டுச் சிலர் ஒரு தடை நிகழ்த்துவர். “பெருங்கேடு செய்வன கப்பல்களும் ஆலைகளும். 2021ஆம் ஆண்டிலே எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் கொழும்புக்கு அணித்தாய் எரிந்து அமிழ்ந்தபோது ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் கடலுக்கும் கரைக்கும் பரந்தனவே. அதன்முன் ஒரு சொப்பிங் பை எம்மாத்திரம்?” என்பர். கப்பலின் குற்றம் பெரிதென்பது மெய். அதனைக் கண்டித்தலும், நீதி வேண்டுதலும் அவசியமே. ஆனால் பிறன் பெருங்களவு செய்தான் என்பது என் சிறுகளவுக்கு விடையாகாது. கன்மமானது செய்த ஆன்மாவையே சாரும். அன்றியும், அம்மணிகள் எதற்காகக் கப்பலேறின? பையும் போத்தலும் உறையும் பிறவும் ஆதற்கே. வாங்குவோர் உளராகையாலன்றோ கப்பல் ஓடுகின்றது!

மற்றொரு தடையும் உண்டு. “ஏழைக்கு மலிவான பையே கதி, துணிப்பைக்கும் பித்தளைச் செம்புக்கும் அவன் எங்கே போவான்?” என்பர். இது நியாயமான வினா. ஆகையால் முதலில் அடங்க வேண்டியவர் ஏழையல்லர். மிகுதியாக வாங்குவோரும் மிகுதியாக எறிவோருமே. நாள் ஒன்றுக்கு ஒரு பையை வாங்கி அதனையே பத்துமுறை கழுவி வைக்கும் ஏழைத்தாயை நாம் இடித்துரைத்தல் அடாது. ஆனால் குப்பையால் வரும் கேடு முதலில் ஏழையையே சாருகின்றது என்பதையும் மறத்தலாகாது. 2017ஆம் ஆண்டு ஏப்பிரல் 14ஆந் திகதி, சித்திரைப் புதுவருடப் பிறப்பன்றே, கொழும்புக்கு அண்மையிலுள்ள மீதொட்டமுல்லையிலே குப்பைமலை சரிந்து வீடுகளின்மேல் வீழ 30க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் அம்மலையடியிலே குடியிருந்தவர். அம்மலையைக் குவித்தவரோ நகரத்தார் எல்லாரும்.

அவ்வாண்டுச் செப்டெம்பரிலே அரசினர் பொலித்தீன் லஞ்ச் சீற்றையும், ரெஜிபோம் உணவுப் பெட்டியையும், மெல்லிய சொப்பிங் பையையும் தடைசெய்தனர். சமய விழாக்களிலும் பிற விழாக்களிலும் பொலித்தீனால் அலங்காரம் செய்தலையும், குப்பையை வெளியிலே எரித்தலையும் உடன் விலக்கினர். 2021ஆம் ஆண்டிலே சிறு சஷே உறைகள் முதலியனவும் விலக்கப்பட்டன. சட்டம் உண்டாயிற்று, பழக்கம் உண்டாகவில்லை. சட்டம் தண்டனைக்கு அஞ்சுவோனை ஒருநாள் தடுக்கும். பழக்கமோ ஒருவனை வாழ்நாள் முழுவதும் நடத்தும். அப்பழக்கத்தை விதைப்பவர் உபாத்தியாயரே. 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள், சமயமானது திண்ணைப் பேச்சாக நில்லாது ஒழுக்கமாக வேண்டும் என்பதையன்றோ தமது வாழ்வினாற் காட்டினார்கள்!

ஆகையாற் பின்வருவனவற்றைச் செய்தல் தகும். வருடத் தொடக்கத்திலே புத்தகங்களுக்கும் அப்பியாசக் கொப்பிகளுக்கும் பொலித்தீன் உறை இடுமாறு பணித்தலை விட்டு, பழைய கடதாசியால் உறையிடக் கற்பிக்க. உணவைப் பெட்டியிலும், நீரைக் கழுவி உபயோகிக்கும் போத்தலிலும் கொணருமாறு, நாமும் கொணர்ந்து, பிள்ளைகளுக்குச் சொல்லுக. காலையிற் பாடசாலை முற்றத்துக் குப்பையைக் கூட்டி எரித்தலை ஒழிக்க. இலை தழை மண்ணுக்கு எருவாகுக, பொலித்தீன் வேறாகச் சேர்க்கப்படுக. நவராத்திரிக்கும் குருபூசைக்கும் தோரணம் கட்டுதற்குக் குருத்தோலையும் மாவிலையும் உண்டு. அவற்றைப் பின்னும் கலையைப் பிள்ளைகள் பழகுக. மாகேசுர பூசையிலே வாழையிலையாவது தாமரையிலையாவது இடுக. கோணேசர் சந்நிதிக்கு மாணாக்கரை அழைத்துச் செல்லும்போது அருச்சனைப் பொருளைப் பனையோலைப் பெட்டியிற் கொண்டு செல்க. மானுக்குக் கொடாது கண்டு வணங்கி வருக. கொண்டுசென்றது அனைத்தும் மீண்டு வருக.

இவற்றினும் முதன்மையானது ஒன்று உண்டு. அஃது, ஒரு பொருளை வாங்குமுன் “இது வேண்டுமோ, வேண்டாவோ” என்று வினவுதல். விரதம் என்பது இவ்வினாவுக்கு நம் முன்னோர் வைத்த பயிற்சியே. சோமவாரத்திலும் பிரதோஷத்திலும் உணவை அடக்கப் பழகிய மனம், கடைத்தெருவிலே ஆசையை அடக்கவும் வல்லதாகும். உணவிலே விரதமும் கொள்முதலிலே வெறியுமாய் இருத்தல் அரைவிரதமாம்.

ஆண்டுக்கு ஒருநாள் கடற்கரையிலே குப்பை பொறுக்கிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு, அன்று மதியமே லஞ்ச் சீற்றிலே சோறு வழங்குவோமாயின், மாணாக்கர் நம் சொல்லைக் கேளார், செயலையே காண்பர். பிள்ளை உபாத்தியாயரின் நாவைவிட அவர் கையையே நெடுநாள் நினைவிற் கொள்ளும். கையிலே துணிப்பை இருப்பின், பாடம் பாதி முடிந்தது.

கோணமாமலை அமர்ந்த பெருமான் நமக்கு நிலமாய்த் தாங்குகின்றார்; நீராய்க் குளிர்விக்கின்றார்; காற்றாய் உயிர்ப்பிக்கின்றார். அத்திருமேனியை மாசுறாது பேணுதலும் சிவபூசையே என்று தெளிந்து, அளவறிந்து நுகர்ந்து, நம் மாணாக்கரையும் அவ்வழி நிறுத்துவோமாக. அதற்கு அப்பெருமான் திருவருள் முன்னிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.