பழைய கூடு, புதிய வேகம்

தாம்பரத்தைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர்ப் பக்கம் போகிறவர்களில் பலருக்கு, அந்தச் சாலையோரத்தில் ஒரு காலத்தில் கார் செய்தார்கள் என்பது தெரியாது. ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நம்மூர் நிறுவனம் 1961-ல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் கொண்டுவந்தது. பிறகு கெசல் வந்தது. கடைசியாக 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000. மூன்றே ஆண்டுகளில் அதுவும் நின்று ஆலை மூடப்பட்டது. அந்தப் பக்கமெல்லாம் இப்போது கணினி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள். இருந்தாலும், சிட்லபாக்கத்திலும் சேலையூரிலும் தகரக் கொட்டகைப் பட்டறைகளில் இன்று நடக்கிற ஒரு காரியத்தை யோசிக்கும்போது, அந்த ஆலையின் கடைசிக் கார்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.

ஸ்டாண்டர்ட் 2000-இன் உடல், பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரினுடையது. 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று விருது வாங்கிய வடிவம் அது. அங்கே மூன்றரை லிட்டர் வி-8 இன்ஜினோடு வெளிவந்தது. பெருங்களத்தூர் ஆலைக்கு வந்தபோது அந்த இன்ஜின் வரவில்லை. அதற்குப் பதிலாக, 1940-களில் ஸ்டாண்டர்ட் வேங்கார்டுக்காக உருவான நான்கு சிலிண்டர் இன்ஜினை 1,991 சிசி அளவில் பொருத்தினார்கள். அந்தக் குடும்பத்து இன்ஜின் பெர்குசன் டிராக்டரில் ஏர் இழுத்தது. விமானம்போல் முகம் நீண்ட காருக்குக் கிடைத்த திறன் 83 குதிரைத்திறன், அதோடு நான்கு கியர். அன்றைய நிலையில் இது விசித்திரமும் இல்லை. 1984-ல் வந்த கான்டெஸா, வாக்ஸால் விக்டரின் உடலுக்குள் அம்பாசடரின் 1,489 சிசி இன்ஜினை வைத்துக்கொண்டு தன் எடையை இழுக்கத் திணறியது. பிரீமியர் 118 என்.இ. பழைய ஃபியட்டின் உடலில் நிசான் இன்ஜினோடு வந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் இருந்த நாட்டில், புது இன்ஜின் செய்யும் இயந்திரங்களை வாங்குவதுதான் ஒரு நிறுவனத்துக்கு மிகப் பெரிய செலவு. கண்ணுக்குத் தெரிகிற தகரத்தை மாற்றுவது அதைவிடச் சுலபம். ஆகவே மேலே புதுசு, உள்ளே பழசு. பணம் கட்டிக் காத்திருந்து வாங்கியவர், சாலையில் ஏறிய முதல் நாளே தாம் எதை வாங்கினோம் என்று புரிந்துகொண்டார்.

இப்போது காரியம் தலைகீழாக நடக்கிறது. அம்பாசடர், பத்மினி, ஹெரால்டு என்று வெளித்தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பானெட்டுக்குள் புதிய தலைமுறை இன்ஜினை இறக்குகிறார்கள். உயர்ந்த சுற்றில் சீறுகிற இன்ஜின். அதன் எல்லை எதுவரை போகும் என்பதற்கு ஒரு கணக்குச் சொல்லலாம். 1999-ல் வந்த ஹோண்டா எஸ் 2000 காரின் இன்ஜின் 1,997 சிசி. நம் ஸ்டாண்டர்ட் 2000-ஐவிட ஆறே சிசி அதிகம். ஆனால் நிமிடத்துக்கு 9,000 சுற்றுவரை போய், ஏறத்தாழ 240 குதிரைத்திறன் கொடுத்தது. ஒரே கொள்ளளவுக்குள் மூன்று மடங்கு. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, அப்பா ஓட்டிய காரை அப்பாவின் வேகத்திலேயே ஓட்ட ஓர் இளைஞனுக்கு மனம் வராது என்பது புரியக்கூடியதே.

சிட்லபாக்கத்தில் எனக்குப் பழக்கமான பட்டறை ஒன்றில் அப்படி ஒரு ஹெரால்டு நின்றது. ஹெரால்டின் பானெட் மற்ற கார்களைப்போல் இல்லாமல் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். சக்கரமும் ஸ்டியரிங்கும் சேசிஸும் அப்படியே வெளியே தெரியும். பழைய 948 சிசி இன்ஜின் செயின் பிளாக்கில் தொங்கி இறங்கி, தரையில் பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தது. உள்ளே போகப்போவது மாருதி ஜிப்ஸியின் 1,298 சிசி, பதினாறு வால்வு இன்ஜின். பழையது ஏறத்தாழ நாற்பது குதிரைத்திறனை 4,500 சுற்றுக்குள்ளேயே கொடுத்து முடித்துவிடும். புதியது 6,000 சுற்றில் எண்பது கொடுக்கும். மவுண்டிங் வெட்டி ஒட்டியாகிவிட்டது. புரொப்பல்லர் ஷாஃப்ட்டை லேத்துக்கு அனுப்பி நீளம் குறைத்தாகிவிட்டது. ரேடியேட்டரும் மின்சார பெட்ரோல் பம்பும் புதுசு. பிரேக் மட்டும் நான்கு சக்கரத்திலும் அதே பழைய டிரம்.

“சார், ஓடறதுக்கு நான் பொறுப்பு. நிக்கிறதுக்கு யாரு பொறுப்பு? மொதல்ல முன்னாடி ரெண்டுக்கும் டிஸ்க்கு போட்டுடலாம்” என்றார் மெக்கானிக்.

“அது அடுத்த மாசம் பாத்துக்கலாம்ணா. வண்டி வெளிய வரட்டும்” என்றார் உரிமையாளர்.

அவர் பொறுப்பில்லாதவர் அல்லர். அப்பாவின் காரை எடைக்குப் போடாமல் பல ஆண்டுகள் மாடிப்படிக்குக் கீழே காப்பாற்றி வைத்தவர். ரிங் தேய்ந்து புகை தள்ளிய இன்ஜினுக்கு உதிரிபாகம் தேடி அலைந்து, ஆலையே இல்லாத காருக்குப் பாகம் எங்கிருந்து வரும் என்று அலுத்த பிறகுதான் இந்த முடிவுக்கு வந்தார். அவருடைய அவசரம் நமக்கும் பழக்கமானதே. வீடு கட்டினால் வெளிப்பூச்சு முதலில் வேண்டும், கழிவுநீர்க் குழாய் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம்.

பழைய கார் மெதுவாக ஓடியது அதன் குறை என்றே பேசிப் பழகிவிட்டோம். உண்மையில் அந்த வேகத்தின் மேல்தான் காரின் மற்ற உறுப்புகள் எல்லாம் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன. ஹெரால்டின் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஊசலாடும் அச்சில் நிற்பவை. வளைவில் வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கச் சக்கரம் உடலுக்குக் கீழே மடங்கப் பார்க்கும். பின்பக்கம் எழும்பி, டயரின் பிடி சட்டென்று போய்விடும். நாற்பது குதிரைத்திறனில் அந்தக் குணம் பெரும்பாலும் வெளியே வராது. அந்த வளைவுக்கு அவ்வளவு வேகத்தில் வந்து சேர வண்டிக்குத் திராணி இல்லை. டிரம் பிரேக்கின் கதையும் அதுவே. வேகம் 60-லிருந்து 90-க்கு ஏறினால், நிறுத்தும்போது உறிஞ்ச வேண்டிய ஆற்றல் ஒன்றரை மடங்காக அல்ல, இரண்டே கால் மடங்காக ஏறுகிறது. அவ்வளவும் வெப்பமாகி மூடிய டிரம்முக்குள் தங்கும்போது, அடுத்தடுத்து மிதித்தால் பிடிப்பு குறைந்துகொண்டே போகும். இன்ஜினை மாற்றுகிறவர் ஓர் உறுப்பைத்தான் மாற்றுகிறார். கலைவது எல்லா உறுப்புகளுக்கும் இடையிலிருந்த உடன்பாடு.

அதனால் மாற்றவே கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்பாசடர் 2014 வரை பிழைத்திருந்ததே இன்ஜினை மாற்றிக்கொண்டதால்தான். 1993-ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அதற்குள் இசுசுவின் 1,817 சிசி இன்ஜினை வைத்தது. கூடவே ஐந்து கியர்ப் பெட்டியும் தரையிலிருந்து எழும் கியர்க் கம்பியும் வந்தன. அதற்கு முன்பே, பெட்ரோல் விலை கட்டுப்படியாகாத டாக்சிக்காரர்கள் டீசல் இன்ஜினை ஏற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகள் எத்தனையோ வண்டிகளுக்கு இரண்டாம் ஆயுள் கொடுத்திருக்கின்றன. அந்த மாற்றங்கள் வயிற்றுப்பாட்டிலிருந்து வந்தவை. அவற்றில் வேகம் நோக்கமாக இருக்கவில்லை.

நோக்கம் எது என்ற கேள்வியைத் தமிழ் மரபு வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறது. சாத்தனூரில் இறந்து கிடந்த இடையன் மூலனைச் சுற்றி மாடுகள் கதறுவதைப் பார்த்த சித்தர், அவற்றின் துயரம் பொறுக்காமல் மூலனின் உடலுக்குள் புகுந்து திருமூலர் ஆனார் என்கிறது பெரியபுராணம். மாடுகள் மகிழ்ந்து மேய்ந்து வீடு திரும்பின. மூலனின் மனைவி அருகே வந்தபோது அவர் விலகி நின்றார். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று உள்ளதைச் சொன்னார். கூடு விட்டுக் கூடு பாய்ந்தவர், அந்த உடலுக்குரிய உறவைத் தமக்கென்று எடுத்துக்கொள்ளவில்லை. உடல் பழையது, உள்ளிருப்பவர் வேறு என்பது தெரிய வேண்டியவருக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற நேர்மை அந்தக் கதையில் இருக்கிறது.

நம் தெருவில் அது யாருக்குத் தெரிய வேண்டும்? ஸ்டாண்டர்ட் 2000-இல் ஏமாந்தவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். நஷ்டம் அவருடைய பணம். இன்றைய மாற்றத்தில் உள்ளே இருப்பவருக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர்கள் வெளியே நிற்கிறார்கள். சிட்லபாக்கத்தின் தெருக்களில் நடைபாதை அநேகமாகக் கிடையாது. இருக்கிற இடத்திலும் பைக்கும் மணல் குவியலும் நிற்கும். ஏரிக்கரைக்கு நடக்கப் போகிற முதியவரும், டியூஷன் முடிந்து சைக்கிளில் வருகிற பிள்ளைகளும் சாலையிலேதான் போயாக வேண்டும். வருகிற வண்டியின் தோற்றத்தைப் பார்த்துத்தான் அவர்கள் கடக்கலாமா நிற்கலாமா என்று முடிவு செய்கிறார்கள். பேருந்து என்றால் ஒரு கணக்கு, ஆட்டோ என்றால் இன்னொன்று, தூரத்தில் ஓர் அம்பாசடரோ ஹெரால்டோ வந்தால் “வரட்டும், அதுக்குள்ள போயிடலாம்” என்று ஒரு கணக்கு. அரை நூற்றாண்டு சாலைப் பழக்கம் அந்தக் கண்ணுக்குள் இருக்கிறது. காரின் உருவம் வழிப்போக்கருக்குக் கொடுக்கிற வாக்கு அது. உருவத்தை வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் மாற்றும்போது, நாம் பேரே அறியாத ஒருவருக்குக் கொடுத்த வாக்கை அவருக்குச் சொல்லாமலே திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். இந்த ரகசியம்தான் தன் காரின் அழகு என்று அதன் சொந்தக்காரர் பெருமைப்படும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஹெரால்டிலிருந்து கழற்றிய பழைய இன்ஜினைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை இரும்புக் கடையில் எடைக்குப் போடுவதுதான் வழக்கம். இந்தப் புறநகரின் கைகள் பூட்டிய இன்ஜின் அது. இனி ஒன்று வரப்போவதில்லை. பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா, மின் மோட்டார் ஏற்றுகிறவர்களிடம் 2019-ல் வைத்த வேண்டுகோள் இங்கேயும் பொருந்தும்: திருப்பிவிட முடிகிற மாதிரி மாற்றுங்கள், கழற்றியதை வைத்திருங்கள். எண்ணெய் பூசி, தார்ப்பாயில் சுற்றி வைக்க ஒரு மூலை போதும்.

சட்டம் இதில் நமக்குப் பெரிதாக உதவவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரித்தவர் முதலில் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது; உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்தது. எரிபொருளை மாற்றிக்கொள்வதற்கு அனுமதியோடு வழி உண்டு. 2021 ஜூலையில் வந்த விதிகள், ஐம்பது வயது கடந்து, சேசிஸிலும் உடலிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாத வண்டிக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவு கொடுக்கின்றன. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. 1971-ல் உற்பத்தி முடிந்த ஹெரால்டுகள் எல்லாமே இப்போது அந்த வயதைக் கடந்துவிட்டன. ஆக, அசலாக வைத்துக்கொண்டு கண்காட்சிக்கு எடுத்துப் போகலாம். அல்லது கிடைக்காத பாகங்களைத் தேடிக்கொண்டு சாதாரணப் பதிவில் ஓட்டலாம். மூன்றாவது வழியை மக்கள் எப்படியும் எடுக்கிறார்கள். அதற்குச் சட்டத்தில் இடமில்லாததால், அதைச் சோதிக்கவும் யாரும் இல்லை. எஃப்.சி.க்குப் போகும் நாளில் பழைய இன்ஜின் எண் தகட்டைப் புதியதில் வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு பட்டறைகளில் கூச்சமில்லாமல் நடக்கிறது.

ஜெர்மனியில் இன்ஜின் மாற்றியவர் வண்டியைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய், பிரேக்கும் புகையும் சத்தமும் பரிசோதிக்கப்பட்டு, மாற்றத்தைப் பதிவுத் தாளில் ஏற்றிக்கொள்ள முடியும். தேறாவிட்டால் சாலைக்கு வர முடியாது. நம்முடைய ஆர்.டி.ஓ. அலுவலகங்களிலும் அப்படி ஒரு மேசை இருந்தால், சிட்லபாக்கத்து மெக்கானிக் டிஸ்க் பிரேக்குக்காக வாடிக்கையாளரிடம் கெஞ்ச வேண்டியிராது. சோதனை ஓட்டப் பாதையில் வண்டியை ஓட்டி, மிதித்து, எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து எழுதினால் போதும். தேறாத காரை அதன் சொந்தக்காரரே மறுபடி பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்.