முறிந்த முகம்

2020 மாசியில் எங்கள் மினி டிராக்டரின் பின் அச்சு முறிந்தது. பின்னால் இருந்தது முக்கால் டிரெய்லர் வைக்கோல். இதைவிட லேசான பாரத்தை அந்த வண்டி இழுத்ததே இல்லை. மயிலிறகானாலும் அளவு மீறினால் அச்சு இறும் என்று வள்ளுவர் வலியறிதலில் சொல்கிறார். இங்கே அளவே மீறவில்லையே?

எஞ்சின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. கிளட்ச் போச்சு என்றேன். மெக்கானிக் தம்பி, பின்னால் கருவிகளை ஓட்டும் பி.டி.ஓ.வைப் போட்டார், தண்டு சுற்றியது. "கிளட்ச் கொடுக்குதுண்ணே." எஞ்சினை அணைத்து, கியரில் விட்டு, பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கினார். வலதைக் கையால் சுற்றினால் இடது எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டும். இடது அசையவில்லை.

அச்சைக் கழற்றி, முறிந்த முகத்தை டீசலில் கழுவிக் காட்டினார். முக்கால் பாகம் வழவழப்பு, கிளிஞ்சல் முதுகுபோல வரிவரியாக. மீதிக் கால் பாகம் உடைத்த வெல்லம்போலச் சொரசொரப்பு. வழவழப்பு நாள்பட்ட விரிசல். சொரசொரப்புதான் இன்றைக்கு முறிந்தது. வைக்கோலின் பங்கு அவ்வளவுதான்.

மற்றது என் பங்கு. 2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யம் பக்கம் தென்னையும் மாவும் சாய்ந்து கிடந்தன; பெரிய வண்டி யாருக்கும் கிடைக்கவில்லை. இந்தச் சின்ன வண்டியில் சங்கிலி கட்டி மாமரத்தை வெடுக்கென்று இழுத்தேன். முன்சக்கரம் எழும்பி விழுந்தது. மரம் நகர்ந்துவிட்டது, அதனால் தாங்குகிறது என்று எடுத்துக்கொண்டேன். அப்புறம் நாள்தோறும் நடை.

வினையில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அனுபவத்துக்கு வருவது பிராரத்தம், இப்போது சேர்ப்பது ஆகாமியம் என்பார்கள் சைவர்கள். கோடிக்குழகர் கோயிலில் சின்ன வயதில் கேட்டபோது கணக்குப்பிள்ளை பேச்சாகத் தோன்றியது. இப்போது சஞ்சிதத்தைக் கண்ணால் பார்த்தேன். எந்த ஏட்டிலும் இல்லை, இரும்புக்குள் இருந்தது. ஒன்றுதான் எனக்குச் செரிக்கவில்லை. வினை என்னுடையது, முறிந்தது அச்சு.

அம்மா அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில் கூடை சுமந்தவள். அச்சு முறிந்த அதே ஆண்டு கோயில் படியில், கையில் ஒரு முழம் பூவோடு, முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டாள். படி வழுக்கியது என்றுதான் ஊரில் சொல்லி வைத்தோம்.

அச்சுத் துண்டை அவளிடம் கொடுத்தேன். வழவழப்பை விரலால் தடவினாள்.

"இம்புட்டு நாளா இதோடயா ஓடுச்சு?" என்றாள்.