செய்தவன் கடன்

மனிதன் தன் கையால் ஒரு பொருளைச் செய்து முடித்தால் மகிழ்கின்றான். அது இயல்பு. நாற்காலி செய்தவன் அதன்மேல் அமர்கின்றான். அது முறிந்தால் அவன் ஒருவனே விழுவான். ஆனால் ஒருவன் பாய்ப்படகு ஒன்றைக் கட்டி, அதில் தன் மனைவி மக்களை ஏற்றி நீரில் செலுத்துவானாயின், அங்கே மகிழ்ச்சியோடு கேள்வியொன்றும் பிறக்கின்றது. தன் வேலையை நம்பும்படி பிறரைக் கேட்கும் உரிமை ஒருவனுக்கு எப்பொழுது உண்டாகின்றது? இதனையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதற்கு ஏற்றதோர் உதாரணம் இங்கிலாந்தில் உண்டு. பாய்ப்படகோட்டம் அந்நாட்டில் நெடுங்காலம் பெரும்பாலும் செல்வர்தம் பொழுதுபோக்காகவே இருந்துவந்தது. 1960களின் தொடக்கத்தில், தொழிலாளர் மிகுதியாக வாசித்த டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில், தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சு வேலைகளைச் செய்துகாட்டிப் பெயர்பெற்ற பாரி பக்னெல் என்பாரும், ஜாக் ஹோல்ட் என்னும் படகு வரைவாளரும் சேர்ந்து ஒரு குடும்பப் படகை அமைத்தனர். அதற்கு மிரர் என்றே பெயர். நீளம் 10 அடி 10 அங்குலம். பாயின் நிறம் சிவப்பு. 1963-இல் அதன் பாகங்கள் 63 பவுன் 11 ஷில்லிங்குக்கு விற்கப்பட்டன. இதுகாறும் 70,000-க்கு மேற்பட்ட மிரர் படகுகள் உண்டாகியுள்ளன. அவற்றுள் மிகப் பல, தச்சுத் தொழிலைக் கற்றறியாதார் தம் வீட்டிலேயே கட்டியவை.

கட்டும் முறை எளிது. ஒட்டுப்பலகைகளின் ஓரங்களில் சிறு துளையிட்டு, செப்புக் கம்பியைக் கோத்து முறுக்குவர். முறுக்க முறுக்கத் தட்டையான பலகைகள் வளைந்து படகின் வடிவம் எழும். பின்னர்ப் பொருத்துவாய்களின்மேல் கண்ணாடி நார்ப்பட்டையை வைத்து, ரெசின் என்னும் பிசினைப் பூசுவர். அது இறுகியபின் வெளியே நீட்டியிருக்கும் கம்பியை வெட்டிவிடுவர்.

பலகையைத் தைத்துப் படகாக்குதல் தமிழருக்குப் புதிதன்று. சென்னையில் துறைமுகம் அமையுமுன், கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆளையும் சரக்கையும் அலைமீது கொண்டுவந்து சேர்த்தவை மசூலாப் படகுகள். அவற்றில் ஆணி இல்லை. பலகைகளைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்திருந்தனர். விறைத்த படகு உடையுமிடத்தில், தைத்த படகு நெகிழ்ந்துகொடுத்துப் பிழைத்தது. நம் கட்டுமரம் என்னும் சொல்லும் ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. ஆயினும் இவற்றைச் செய்து செலுத்திய மக்களை நம் சமூகம் எங்கே வைத்தது? அவர் கைத்தையலை நம்பி உயிரை ஒப்படைத்துக் கரையேறியவர், கரை சேர்ந்ததும் அவரைத் தாழ்ந்த ஜாதி என்று ஒதுக்கினர். பேனா பிடிக்கும் கிராணி, பால்வெட்டுக் கத்தி பிடிக்கும் கையைத் தாழ்வாக எண்ணும் வழக்கமும் அந்நோயின் கிளையே. கைவேலையை இகழும் சமூகம் வேலையைச் சோதிக்கும் அறிவையும் இழந்துவிடும். தைத்தறியாதவனுக்கு எத்தையல் மெய், எத்தையல் பொய் என்பது எங்ஙனம் தெரியும்?

இனி, செய்தவன் கடனுக்கு வருவோம். படகின் முன்னும் பின்னும் இருபக்கமும் காற்றறைகள் உண்டு. படகு கவிழ்ந்து நீர் நிறைந்தாலும் அதனை மிதக்கச் செய்பவை அவையே. மேற்பலகையை அடித்து மூடியபின் அவ்வறைகளின் உட்பொருத்தை ஒருவரும் காணார். பிசினோடு கலக்கும் இறுக்கு மருந்து அளவு தவறினால் பிசின் சரிவர இறுகாது. மேலே வண்ணம் பூசிவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. பலகையின் அறுத்த ஓரம் பூச்சின்றி நின்றால் நீரைக் குடித்து, நாளடைவில் ஏடு ஏடாகப் பிரியும். ஆகவே படகின் நேர்மை, பிறர் பாராட்டும் பளபளப்பில் இல்லை. பிறர் காணாத உட்பொருத்தில் உள்ளது. அன்போடு செய்தேனே என்று சொல்லிப் பயனில்லை. அன்பு பிசின் ஆகாது. அன்புடையவன் பிசினை அளந்து கலப்பான், அவ்வளவே.

அடுத்த கடன் சோதனை. நல்ல நாள் பார்த்து, தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் கட்டி இறக்குவதால் ஓட்டை அடைபடாது. நீர் முகூர்த்தம் கேளாது, ஜாதியும் கேளாது. படகை முதலில் ஆளின்றி ஆழமற்ற நீரில் மிதக்கவிட்டு, காற்றறைகளின் அடைப்பைத் திறந்து உள்ளே கசிவுண்டா என்று பார்த்தல் வேண்டும். பின்னர், கரையில் துணையாள் நிற்க, செய்தவன் தானொருவனாக ஏறுதல் வேண்டும். இளங்காற்றில் பாய் விரித்து, வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, அடியில் நீட்டிய நடுப்பலகைமேல் ஏறி நின்று நிமிர்த்தி, நீரை இறைத்துக் காட்டுதல் வேண்டும். இவையனைத்தும் முடிந்தபின்னரே பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை அணிவித்து ஏற்றுதல் முறை.

அபாயமே வேண்டாம், கரையிலேயே இருக்கலாகாதா என்பார் உளர். அபாயம் அறவே இல்லாத வாழ்வு எங்கும் இல்லை. காற்று வலுத்தால் பாயின் கயிற்றை நெகிழ்த்த வேண்டும் என்று கையால் அறிந்த பிள்ளை, அறியாத பிள்ளையினும் பத்திரமாகவே இருக்கும். ஆனால் இவ்விடையில் ஒரு வஞ்சம் ஒளிந்திருக்கக் கூடும். பெரியவன் தன் அபாயத்தைத் தானே தெரிந்தேற்கின்றான். குழந்தையோ அப்பா சொன்னார் என்று ஏறுகின்றது. அதன் நம்பிக்கைக்கு ஆதாரம் அறிவன்று, பாசம். ஆதலின் குழந்தை கேட்கத் தெரியாத கேள்விகளையெல்லாம் அதன் சார்பாகத் தந்தையே தன்னைக் கேட்டாக வேண்டும். எவன் தன்னை மிகுதியாக நம்புகின்றானோ, அவன் பொருட்டே மிகுதியாகச் சந்தேகித்தல் செய்தவன் கடன்.

இந்நியதி படகோடு நிற்பதன்று. சங்கமும் பள்ளியும் ஆலய நிர்வாகமும் பலரை ஏற்றிச் செல்லும் படகுகளே. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல், வீ. தி. சம்பந்தனார் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியபோது, பாட்டாளி மக்கள் தம் கூலியில் மிச்சம் பிடித்த காசோடு அதில் ஏறினர். அன்னோர் நம்பிக்கையைப் பெறும் எந்தச் சபையும் கணக்கைத் திறந்துகாட்டக் கூசலாகாது. கணக்குக் கேட்பவனைத் துரோகி என்னும் தலைவன், அடைப்பைத் திறந்து கசிவு பார்க்க மறுக்கும் படகுக்காரனை ஒப்பான்.

நம்மை நம்புங்கள் என்று கேட்பவன் முதலில், நம்மைச் சோதியுங்கள் என்று கேட்கட்டும். சோதனைக்கு உடன்படாதவன் படகில் பிள்ளைகளை ஏற்றாதிருப்பதே பெற்றோருக்கு அறிவுடைமை.