உற்றவன் சொல்: காரணம் காணப்படாத நோயும் மருத்துவரின் கடப்பாடும்

தமிழில் 'நோய்' என்னும் சொல் 'நோ' என்னும் வினையடியாகப் பிறந்தது. நோதல் என்பது வருந்துதல். உடற்பிணியையும் உள்ளத் துயரையும் பழந்தமிழ் இச்சொல் ஒன்றாலேயே சுட்டிற்று; அகப்பாடல்களில் தலைவி தன் நோயைப் பேசுமிடத்து அது பெரும்பாலும் காமநோயே. இன்றைய மருத்துவம் நோயைக் காணத்தக்க, அளக்கத்தக்க ஒன்றாகக் கொள்கிறது. குருதியில் ஒரு கிருமி, ஊடுகதிர்ப் படத்தில் ஒரு நிழல், அளவில் மிகுந்த அல்லது குறைந்த ஓர் எண் ஆகியவையே அதற்கு நோயின் அடையாளங்கள். இவ்விரு பொருளும் பெரும்பாலான நேரங்களில் ஒன்றோடொன்று பொருந்தியே நிற்கின்றன. பொருந்தாத இடத்தில்தான் சிக்கல் தோன்றுகிறது. ஆண்டுக்கணக்கில் இருமலோ மூட்டு வலியோ தீராத அசதியோ உடைய ஒருவரிடம், ஆய்வு முடிவுகளைப் பார்த்த மருத்துவர் 'உங்களுக்கு ஒரு நோயும் இல்லை' என்கிறார். தமிழ்ச் சொல்லின் பொருள்வழி நோக்கின் இத்தொடர் தன்னுள்ளேயே முரண்படுவது. நோவு உடையவனை நோய் இல்லாதவன் என்பது எங்ஙனம்? மருத்துவர் சொல்ல வந்தது, 'நான் தேடிய காரணங்களுள் எதுவும் இங்குக் கிட்டவில்லை' என்பதே. முன்னது நோயாளியைப் பற்றிய கூற்று. பின்னது மருத்துவரின் அறிவைப் பற்றிய கூற்று. பின்னதைச் சொல்ல வேண்டிய இடத்தில் முன்னதைச் சொல்லுதல் சொற்பிழை மட்டுந்தானா, அறப்பிழையும் ஆகுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. கொச்சியோடு நெடுங்காலம் பிணைந்திருந்த நோய் ஒன்றையும், தமிழ் மெய்யியல் நூல்கள் கூறும் அளவைகளையும் துணைக்கொண்டு அவ்வினா இங்கு ஆராயப்பெறுகிறது.

காரணம் கற்பித்தல்

மட்டாஞ்சேரிக்கும் தோப்பும்படிக்கும் இடையில் அமைந்தது சுள்ளிக்கல். கொச்சி மாநகராட்சியின் மேற்குப் பகுதியில், கடல்மட்டத்தை ஒட்டிய தாழ்நிலத்தில் வீடுகள் நெருங்கிய குடியிருப்பு அது. இப்பகுதியின் கால்வாய்களிலும் ஓடைகளிலும் தேங்கும் அழுக்குநீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு, யானைக்கால் நோய்ப் புழுவை ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கொண்டுசெல்வது. கேரளத்தார் 'மந்து' என வழங்கும் அந்நோய்க்கும் கொச்சிக்கும் இருந்த தொடர்பு மிகப் பழையது. 'கொச்சிக்கால்' என்பதே ஆங்கிலேயரிடையே யானைக்காலுக்கு ஒரு பெயராக வழங்கியது. 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி அதனைப் பதிவு செய்துள்ளது. (சற்றுத் தெற்கே சேர்த்தலையில் இந்நோயைப் பரப்பியது வேறொரு புழு, வேறொரு கொசு, நீர்த்தாவரங்களின் வேரைப் பற்றி வளர்வது அக்கொசு. இரு நோயும் நாட்டு வழக்கில் மந்து என்னும் ஒரே பெயரால் வழங்கின.)

காரணம் அறியப்படாதிருந்த காலத்தில் இந்நோய்க்குக் காரணம் கூறப்படாமல் இருக்கவில்லை என்பது கருதத்தக்கது. 1583 முதல் 1588 வரை கோவாவில் தங்கியிருந்த டச்சுக்காரரான லின்சோட்டன், 1596-இல் வெளியான தம் பயண நூலில் ஒரு நம்பிக்கையைக் குறிப்பிடுகிறார். திருத்தூதர் தோமாவைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்களே இவ்வாறு கால் பருத்துப் பிறக்கின்றனர் என்பது அந்நம்பிக்கை. அந்த விளக்கத்தில் ஐயத்திற்கு இடமில்லை. நோயாளிக்கு விடை கிடைத்துவிட்டது. ஆனால் அவ்விடை அவன் காலின் சுமையோடு முன்னோர் செய்த கொலையின் பழியையும் அவன்மேல் ஏற்றியது. புழுவின் நுண்குஞ்சுகளை 1872-இல் டிமோதி லூயிஸ் கல்கத்தாவில் மனிதக் குருதியிற் கண்டார். கொசுவின் உடலில் அவை வளர்வதை 1877-இல் பாட்ரிக் மான்சன் சீனத்தின் அமோய் நகரில் கண்டார். அதன் பின்னரே அப்பழிக்கு அடிப்படை இல்லாமற் போயிற்று.

சங்க இலக்கியம் பயின்றோர்க்கு இது புதிய செய்தியன்று. குறிஞ்சித் திணையின் வெறியாட்டுத் துறையில் நிகழ்வதும் இதுவே. மகள் மெலிகிறாள், பசலை படர்கிறது, தாய் அஞ்சுகிறாள். கட்டுவிச்சி நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். வேலன் கழங்கு இட்டு, முருகன் அணங்கினான் என்கிறான். களம் இழைத்து மறி அறுக்கப்படுகிறது. காரணம் தலைவிக்குத் தெரியும், தோழிக்கும் தெரியும். அவ்விருவரையும் கேட்பார் இல்லை. ஐங்குறுநூற்றில் கபிலர் இத்துறைக்கென்றே 'வெறிப்பத்து' எனப் பத்துப் பாடல்களைத் தந்துள்ளார். நற்றிணைப் பாடல் ஒன்றில் தோழி, இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்தும் வேலன் அழைக்க வெறிக்களத்துக்கு வந்த முருகனையே அறிவிலி எனச் சாடுகிறாள். இப்பாடல்களை உரையாசிரியர்கள் களவு வெளிப்படுதலின் ஒரு படியாகக் கண்டனர், அது சரியே. எனினும் விடை கூறும் உரிமை பெற்றவன் நோயுற்றவளை வினவாமலே விடை கூறும் நிலையும் அவற்றுள் நுட்பமாகப் பதிவாகியுள்ளது எனலாம்.

ஆகவே விளக்கமின்மை ஒன்றே கேடு எனக் கொள்ளுதல் பொருந்தாது. எப்படியேனும் ஒரு விளக்கம் வேண்டும் என்னும் வேட்கையும் கேடு பயக்கும். அவ்வேட்கை நோயாளிக்கும் உண்டு, மருத்துவர்க்கும் உண்டு.

ஆரோக்கியவரமும் வேலூரும்

யானைக்கால் நோயின் அதே புழு, கால் வீங்காமல் வேறொரு வடிவிலும் துன்புறுத்தும். இரவில் வலுத்து வரும் இருமல், இழுப்பு, இளங்காய்ச்சல், உடல் மெலிவு ஆகியவை அதன் குறிகள். ஊடுகதிர்ப் படத்தில் நுரையீரல் முழுதும் நுண்புள்ளிகள் தோன்றும். காசநோய் என்றே எவரும் கருதுவர். சளியிலோ காசக் கிருமி இராது. யானைக்கால் புழுவின் நுண்குஞ்சுகள் இரவில்தான் குருதியோட்டத்தில் மிகுதியாக உலவும் இயல்பின. இந்நோயாளரிடம் இரவில் எடுத்த குருதியிலும் அவை காணப்படுவதில்லை. குருதியின் வெள்ளணுக்களுள் ஒருவகையான இயோசினோபில் மட்டும் ஒரு கன மில்லிமீட்டருக்கு 3000-க்கு மேல் மிகுந்திருக்கும்.

மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையில் பணியாற்றிய பிரிமட்-மொல்லர், பார்ட்டன் என்னும் இருவர், 1940-இல் 'இந்தியன் மெடிக்கல் கெஜட்' இதழில் இத்தகைய நோயாளரைப் பற்றி எழுதினர். மதனப்பள்ளி அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது. அவர்கள் இட்ட பெயர் 'இயோசினோபில் மிகுதியொடு கூடிய போலிக் காசநிலை' என்னும் பொருள்படுவது. காரணம் அவர்களுக்குத் தெரியாது. ஆயினும் 'போலி' என்னும் அடையை அவர்கள் இட்டது நோயின் வடிவுக்கேயன்றி நோயாளியின் கூற்றுக்கன்று. இது காசம் அன்று, வேறொன்று, அது யாதென அறியோம் என்பதே அப்பெயரின் உட்பொருள். இவ்வாறு 'அன்று' என எழுதிவைப்பது எளிய செயலன்று. காசநோய் மருத்துவமனை ஒன்றில் அனைவரையும் காசநோயர் என்றே வைத்துக்கொள்வது வசதியானது. கிருமி இல்லை என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவது அதனினும் வசதியானது.

1943-இல் வெயின்கார்ட்டன் 'லான்செட்' இதழில் இதற்கு 'வெப்பமண்டல இயோசினோபிலியா' எனப் பெயரிட்டார். ஆர்சனிக் சேர்ந்த மருந்தால் இது தணிவதையும் அவர் கண்டார். மருந்து கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை. 1950-களில் யானைக்காலுக்குரிய டைஎத்தில்கார்பமசின் மருந்தும் இந்நோயைத் தீர்ப்பது கண்டு, காரணம் புழுவே எனும் ஐயம் வலுத்தது. 1960-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த வெப், ஜாப், கால்ட் ஆகியோர் இந்நோயாளரின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்த திசுக்களில் நுண்குஞ்சுகளைக் கண்டனர். உடலின் எதிர்ப்பாற்றல் அளவிறந்து கிளர்ந்து, நுண்குஞ்சுகளை நுரையீரலிலேயே பிடித்து அழித்துவிடுவதால் அவை குருதியில் உலவுவதில்லை. இருமலும் இழுப்பும் அந்தப் போரின் விளைவுகளே. மருந்தின்றி விடின் நுரையீரல் நாளடைவில் தழும்பேறிச் சுருங்கும். அந்தச் சேதம் பின்னர் மீளாது.

1940-இல் இருமியவரும் 1960-இல் இருமியவரும் ஒரே நோவையே உற்றனர். இடைப்பட்ட இருபதாண்டுகளில் மாறியது மருத்துவரின் அறிவு மட்டுமே.

அளவைகள்

பதின்மூன்றாம் நூற்றாண்டினரான அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி, அறிவுக்கு வாயிலாவன இவை எனத் தொகுத்துரைக்கிறது. அங்குக் காட்சி அளவை நான்கு வகைப்படும். அவற்றுள் ஒன்று தன்வேதனைக் காட்சி. இன்ப துன்பங்களை உயிர் தானே நேரில் அறிதல் அது. நோவு உடையேன் என்னும் கூற்று, இதன்படி, ஊகமும் அன்று, பிறர் சொல்லக் கேட்டதும் அன்று, காட்சியே ஆகும். மருத்துவரின் நுண்ணோக்கி காண்பதும் காட்சி. நோயாளியின் துன்ப அறிவும் காட்சி. ஒரு காட்சி மற்றொன்றை இல்லையென்று ஆக்கிவிட இயலாது, இரண்டும் வெவ்வேறு பொருளைப் பற்றியன ஆதலின்.

ஆனால் 'எதனால் நோகிறது' என்னும் வினா காட்சிக்கு உரியதன்று. அது கருதல் அளவைக்கு உரியது. அங்கு நோயாளிக்குத் தனியுரிமை ஏதுமில்லை. தன் இருமல் கொச்சியின் உப்புக்காற்றால் வந்தது என்றோ மிளகுக் கிடங்கின் தூசியால் வந்தது என்றோ அவர் கருதலாம்; தவறவும் செய்யலாம். நோயாளியின் சொல்லுக்கு மதிப்பளித்தல் என்பது அவர் கூறும் காரணங்களையெல்லாம் ஏற்றல் என்று பொருள்படாது. இவ்வேறுபாட்டைக் காணாத மருத்துவர், காரணம் பற்றிய நோயாளியின் கருத்துத் தவறெனக் கண்டவுடன் அவர்தம் நோவையும் ஐயுறுகிறார்.

இன்மையை அறியும் அளவை இங்கு இன்னும் நெருக்கமாகப் பொருந்துவது. சித்தியார் அதனை அபாவம் என எண்ணும். மேசைமேல் குடம் காணப்படவில்லை, ஆகவே அங்குக் குடம் இல்லை என்பது செல்லும். இருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் ஆதலின். இருளில் அதே கூற்றுச் செல்லாது. காணாமை இன்மைக்குச் சான்றாவது, இருந்தால் காணப்படத்தக்கது என்னும் தகுதி இருக்கும்போது மட்டுமே என்பது இந்திய அளவை நூலார் வலியுறுத்திய நெறி. இரவுக்குருதியில் நுண்குஞ்சு காணாமையால் புழு இல்லை என முடிவு செய்தவர் தவறியது இந்தத் தகுதியில்தான். புழு நுரையீரலில் இருந்தது, தேடப்பட்டது குருதியில்.

'எல்லா ஆய்வும் செய்தாயிற்று, ஆகவே இது மனத்தால் வருவது' என்பது ஒழிபு அளவையைச் சார்ந்த முடிவு. சாத்தியங்கள் அனைத்தும் எண்ணப்பட்டு, ஒன்று தவிர ஏனைய விலக்கப்பட்டால் மட்டுமே ஒழிபு செல்லும். 1940-இன் மருத்துவப் பட்டியலில் இந்நோயே இல்லை. பட்டியல் முழுமை பெறாதபோது எஞ்சியது எதுவாயினும் அது முடிவாகாது. மனத்தால் உடல் நோதல் உண்டு. அதனை மறுப்பதற்கில்லை, அதுவும் நோயே. ஆனால் அதற்கும் அதற்குரிய நேர்ச்சான்று வேண்டும். வேறெங்கும் வைக்க இடமில்லாததை வைக்கும் பரணாக மனத்தைக் கொள்ளுதல் மனநோயாளர்க்கும் இழைக்கும் அநீதியாகும். ஒருவரின் சான்றுரை அவர்மீதுள்ள முன்முடிவால் மதிப்பிழப்பதை அறிவுசார் அநீதி என மிராண்டா பிரிக்கர் 2007-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்; ஹாவி கேரல், இயன் கிட் ஆகியோர் 2014-இல் அதனை நோயாளர் நிலைக்குப் பொருத்திக் காட்டினர். தன்வேதனையைக் காட்சியுள் அடக்கிய தமிழ் மரபு அவ்வாதத்திற்கு ஓர் உறுதியான அடித்தளம் தரவல்லது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

மருத்துவர் தரப்பு

இதற்கு மருத்துவர் கூறக்கூடிய மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பகுதியில் ஒருவர்க்குக் கிடைப்பன சில நிமிடங்களே. காரணம் தெரியாத நோவுகளுள் பல தாமே தணிந்து விடுகின்றன. ஒவ்வொன்றையும் இறுதிவரை துருவினால் கதிர்வீச்சும் ஊசியும் தரும் தீங்கு உண்டு. நகையை அடகு வைத்து எடுத்த ஸ்கேன் எதனையும் காட்டாமற் போவதும் உண்டு. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் ஆகியவற்றை நோக்கிச் செய்க என மருத்துவனுக்குக் கூறுவது இதனாற்போலும். ஆய்வை ஓரிடத்தில் நிறுத்துவது அறமே. ஆயின் ஆய்வை நிறுத்துதல் வேறு, கேட்டலை நிறுத்துதல் வேறு. 'இப்போதைக்கு அறியேன், இன்ன குறி தோன்றினால் உடனே வருக, மூன்று திங்கள் கழித்து மீண்டும் பார்ப்போம்' என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணுமிடத்து நோயுற்றவனையே முதலில் வைக்கிறது. வள்ளுவர் அவனைச் சுட்டும் சொல் 'உற்றவன்'. தனக்கு நேர்ந்ததை அறிந்தவன் என்னும் பொருளும் அதில் ஒலிக்கிறது. நோயை நாடுதலைக் காரணத்தை நாடுதலுக்கு முன்னர் வைத்த குறளின் வரிசையும் கருதத்தக்கது. காரணம் கிட்டுமுன்னரே நோய் உண்டென ஏற்கப்பட்டுவிடுகிறது.

2006, 2007 ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் பரவிய சிக்குன்குனியாவுக்குப் பின் காய்ச்சல் தணிந்தும் மூட்டு நோவு பலரைத் தொடர்ந்தது. கோவிட் தொற்றுக்குப் பின் நீடித்த அசதிக்கும் மூச்சிரைப்புக்கும் 2020-இல் 'நெடுங்கோவிட்' என முதலில் பெயரிட்டவர்கள் நோயாளரே. உலக சுகாதார நிறுவனம் அதற்கு வரையறை வகுத்தது 2021 அக்டோபரில். உற்றவன் சொல் முந்தியது, அளவுகோல் பிந்தியது.

சுள்ளிக்கல், மட்டாஞ்சேரி, கோட்டைக் கொச்சிப் பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. கோட்டைக் கொச்சியின் சலவைத் துறையில் உழைப்போரும் அவருள் அடங்குவர். அவர்கள் தம் நோவை மலையாளத்தில் மருத்துவரிடம் சொல்ல வேண்டியுள்ளது. மலையாளத்தில் 'வேதனை' எந்த வலிக்கும் பொதுச்சொல். இன்றைய தமிழில் அது பெரிதும் மனத்துயரைக் குறிப்பது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், இழுப்பு, எரிச்சல், மரமரப்பு என நோவின் வகைகளைப் பேச்சுத்தமிழ் நுணுகிப் பிரிக்கும். மருத்துவக் குறிப்பேட்டில் இவற்றுட் பல 'வலி' என்னும் ஒரே சொல்லாகின்றன. கொச்சித் தமிழர் எந்த நோவுக்கு எந்தச் சொல்லை ஆள்கின்றனர் எனத் தொகுத்துத் தருதல் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளத்தக்க களப்பணியாகும். 'உளைச்சல்' என்பது மூத்தோர் பேச்சில் இன்றும் கால் உளைச்சலே. செய்தித்தாள் தமிழில் அது மன உளைச்சலாக மட்டும் எஞ்சியுள்ளது. அச்சொல்லை ஒரு முதியவர் சொல்ல, இளைய மொழிபெயர்ப்பாளர் ஒருவர் மருத்துவரிடம் மாற்றியுரைக்கும்போது கால்நோவு மனநோவாகிவிட வழியுண்டு.