நம் வயல் வழியாகப் போகும் தண்ணீர்

அப்பா இறந்து பதினோரு மாதம் கழித்து, ஒரு ஜனவரிக் காலையில் நீலகிரியின் கோலாரிபெட்டா ஏறினேன். அவலாஞ்சியிலிருந்து போகும் பாதை. உச்சி 2,629 மீட்டர். தொட்டபெட்டாவைவிட எட்டு மீட்டர்தான் குறைவு. புல்மேல் உறைபனி உப்புப் போல வெளுத்துக் கிடந்தது. கடைசி ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டியது. உடன் வந்தவர்களை முன்னே போகச் சொல்லிவிட்டு ஒரு பாறையில் உட்கார்ந்தேன். காதுக்குள் இதயம் அடித்துக்கொண்டிருந்தது.

அப்பாவுக்கு நின்றுபோனதும் இதுதான். விடிகாலையில் மாட்டுக்குத் தட்டு போட எழுந்தவர், திண்ணையில் சற்று உட்கார்ந்தார், அப்படியே சாய்ந்துவிட்டார். 79 வயது. யாருக்கும் தொந்தரவு இல்லாத நல்ல சாவு என்று ஊரில் சொன்னார்கள். எனக்குள் மட்டும் ஒரு கேள்வி அடங்கவில்லை. கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் வயல், இரண்டு மாடு, பட்டாவிலும் ரேஷன் அட்டையிலும் மட்டும் எழுதப்பட்ட ஒரு பெயர். இந்த மனிதர் இருந்ததற்கு என்ன பொருள்? அப்பாவைப் பற்றித்தான் கேட்கிறேன் என்று நினைத்திருந்தேன். மூச்சு வாங்கிய அந்த நேரத்தில், கேள்வி என்னைப் பற்றியது என்று தெரிந்தது. எனக்கு 53 வயது.

நான் உட்கார்ந்திருந்த மலையின் உடம்பு முழுக்க சார்னோகைட் என்னும் பாறை. வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். அந்தப் பாறைக்குப் பெயர் வந்ததே ஒரு கல்லறையிலிருந்துதான். கிழக்கிந்தியக் கம்பெனியைச் சேர்ந்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை கொல்கத்தாவில் இருக்கிறது. அதன் மேல் பதித்த கல் பல்லாவரம் மலைக் கல்லின் இனம். புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் இந்தப் பாறை வகைக்குச் சார்னாக்கின் பெயரையே வைத்தார். மலை இருக்கும்வரை அந்தப் பெயர் இருக்கும். ஆனால் சார்னோகைட் என்று வகுப்பில் எழுதும் எந்த மாணவரும் அந்த மனிதரை நினைப்பதில்லை. அவர் எதற்காக அழுதார், யாரை நேசித்தார் என்பதெல்லாம் கல்லுக்குத் தெரியாது. பெயர் நிலைத்துவிட்டது, ஆள் அதில் இல்லை. அப்பாவின் பெயர் எங்கும் நிலைக்கவில்லையே என்று நான் பட்ட வருத்தம் அங்கே பாதி கரைந்தது.

மீதிப் பாதி கரையவில்லை. மலைக்கு முன்னால் மனிதன் வெறும் தூசு என்று சொல்வார்கள். அதைக் கேட்டு ஆறுதல் அடைகிறவர்கள் உண்டு. எனக்கு ஆறுதல் வரவில்லை. என் அப்பா தூசு இல்லை. 250 கோடியை 79ஆல் வகுத்துப் பார்த்தால் வருவது ஓர் எண்; அவ்வளவுதான். கல்லுக்கு விடிகாலை கிடையாது. மாடு பசித்திருக்குமே என்ற நினைப்பில் அதற்கு விழிப்புத் தட்டாது. சாகப்போகிற ஓர் உயிருக்குத்தான் இன்னோர் உயிரின் பசி உறைக்கிறது.

என்னைத் தேடி வழிகாட்டித் தம்பி திரும்பி வந்தார். சற்றுக் கீழே ஒரு மடிப்பில் இருந்த புல் திட்டைக் காட்டி, “இங்க மிதிச்சுப் பாருங்க சார்” என்றார். கால் வைத்தேன். மழை ஓய்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் ஷூவைச் சுற்றித் தண்ணீர் ஊறி வந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். “எங்கிருந்தும் வரலைங்க சார், இங்கேயே இருக்குது. புல்லு பிடிச்சு வச்சிருக்கும். கொஞ்சம் கொஞ்சமா விடும்” என்றார்.

சோலைக்காடும் புல்வெளியும் மாறி மாறிப் படர்ந்த இந்த மலையின் வேலையே அதுதான். பருவமழை ஒரே மூச்சாகக் கொட்டுகிறது. புல்லின் வேரும், மக்கிய கருமண்ணும், சதுப்பும், சோலையின் சருகும் அதை வாங்கிவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கசியவிடுகின்றன. ஒரு புல் சில பருவங்கள்தான் உயிரோடு இருக்கும். மக்கி மண்ணான பிறகும் அது தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் வந்த சீகை மரங்கள் புல்வெளியை மூடிய இடங்களில் ஓடைகள் வற்றியதை மலைக்காரர்கள் சொல்லிக் கேட்கலாம்.

அங்கே கசிகிற நீர் அவலாஞ்சி, எமரால்டு அணைகளுக்குப் போகிறது. குந்தா மின்நிலையங்களைச் சுற்றிவிட்டு, பில்லூர் வழியாக பவானியாகி, மேட்டுப்பாளையம் தாண்டி பவானிசாகருக்கு வருகிறது. அந்த அணை கட்டி முடிந்தது 1955இல். அப்பாவுக்கு அப்போது பத்து வயது. எங்கள் பக்கம் கீழ்பவானி வாய்க்காலில் முதல்முதலாகத் தண்ணீர் வந்தபோது, நுரையும் சருகுமாக உருண்டுவந்த அதன் தலைப்போடு கரைமேல் கூடவே ஓடினாராம். சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் புறப்படுகிற இந்த மலையை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. இங்கே இருக்கிற புல்லுக்கும் அவரைத் தெரியாது. இருந்தும் 70 ஆண்டுகள் ஒன்றின் வேலையை இன்னொன்று தொடர்ந்திருக்கிறது.

உச்சியில் நின்று மேற்கே பார்த்தேன். முக்குருத்திச் சிகரமும் இந்த மலைத்தொடரில்தான் இருக்கிறது. இறந்தவர்களின் உலகம் மேற்கில் இருக்கிறது என்பது தோடர்களின் நம்பிக்கை. மனிதரும் எருமைகளும் அந்தச் சிகரத்திலிருந்துதான் மறுஉலகுக்குப் போகிறார்கள் என்று பழைய பதிவுகள் சொல்கின்றன. மனிதர் தனியாகப் போவதில்லை, எருமையும் கூட வருகிறது. அப்பாவுக்கு அந்த ஏற்பாடு பிடித்திருக்கும். வெகுநேரம் அங்கேயே நின்றேன். அழுதேன். பதினோரு மாதத்தில் அன்றுதான் முதல் தடவை.

ஆகஸ்டில் வாய்க்காலில் தண்ணீர் விட்டார்கள். அப்பா இல்லாமல் நான் செய்த முதல் நெல் நடவு. அவருடைய மண்வெட்டியின் பிடி, அவர் கை பட்ட இடத்தில் தேய்ந்து வழவழப்பாக இருந்தது. என் கை அந்தப் பள்ளத்தில் சரியாகப் பொருந்தவில்லை. இரண்டு நாளில் கொப்புளம் வந்தது. சின்ன வயதில், எங்கள் வயல் நிரம்பியதுமே அவர் தண்ணீரைத் திருப்பிவிடுவதைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் நிற்கட்டுமே என்று நான் அடம்பிடித்ததுண்டு. அப்போது சொன்னார்: “தண்ணி நம்முளுது இல்ல கண்ணு. நம்ம வயல் வழியாப் போகுது, அவ்வளவுதான்.” பாசனத்துக்குச் சொன்ன சொல் அது. அதற்குமேல் ஏதோ சொல்கிறோம் என்று அவர் நினைத்திருக்கவே மாட்டார்.

இப்போது என் கேள்விக்கு என்னிடம் இருக்கிற விடையும் அதுதான். உயிர் என்னுடையது என்று எண்ணி அணைபோட்டு நிறுத்தப் பார்த்ததால்தான், அது போய்விடுமே என்ற பயம் அவ்வளவு பெரிதாக இருந்தது. எங்கோ பெய்தது எனக்கு வந்திருக்கிறது. என் முறை முடியும்வரை என் வயலை நனைக்க வேண்டும். பிறகு கீழே விட வேண்டும். பயம் முழுக்கப் போய்விடவில்லை. படி ஏறும்போது நெஞ்சு படபடத்தால் இன்னும் நின்று கைவைத்துப் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பயத்தோடு வேலை செய்ய முடிகிறது.

அன்று சாயங்காலம் வயல் நிரம்பியபோது, கீழ்வயல்காரத் தம்பி வரப்பில் நின்று கேட்டார்: “அண்ணா, திருப்பி விட்டுக்கட்டுங்களா?”

அவரைக் காத்திருக்கச் சொல்லாமல் நானே வாமடையை வெட்டிவிட்டேன்.